மூட மறுத்த கத்தி

கல்யாணமாகி நான் பம்பாய் செம்பூருக்கு வந்த மறு வருஷம் இது நடந்தது. ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தால் கண்ணில் படுகிற தூரத்தில் எங்கள் பாத்திரக் கடை இருந்தது. மாமனாரும் என் வீட்டுக்காரரும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் அவர்கள் இருவரும் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயரப் போகும்போது நான் கல்லாவில் உட்காருவேன். மருமகளைக் கடையில் உட்காரவைப்பதா என்று சொந்தக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பெண்கள் வாங்குகிற சாமானுக்குப் பெண் பேசினால் வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்று மாமனார் கண்டுகொண்டதும் அந்த முணுமுணுப்பு அடங்கியது.

அறுபதுகளில் எவர்சில்வர் மேல் ஜனங்களுக்கு வந்த மோகத்தை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெண்கலப் பானையும் பித்தளை அண்டாவும் வீட்டில் இருப்பதே கௌரவக் குறைச்சல் என்பதுபோல எல்லோரும் அவற்றைக் கொண்டுவந்து எங்கள் தராசில் போட்டுவிட்டு, முகம் தெரிகிற டப்பாக்களை வாங்கிக்கொண்டு போனார்கள். வந்த பழசெல்லாம் கடையின் பின்னால் குவிந்து கிடக்கும். வாரக் கடைசியில் தாராவியிலிருந்து கைவண்டி வந்து உருக்குகிற பட்டறைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு மத்தியானம் பூப்போட்ட கவுன் போட்ட ஒரு அம்மாள் தகரப் பெட்டி ஒன்றை சுமை தூக்குகிற ஹமாலின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். செம்பூர் கிராமத்துப் பக்கம், மாதாகோயிலுக்குப் பின்சந்தில் இருக்கிற கோவாக்காரர். அறுபது வயதிருக்கும். கையில் குடை, வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமல்ல, ஆள்களை நகர்த்தவும் அவர் அதைப் பயன்படுத்துவார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். பெட்டியில் மெழுகுவர்த்தித் தண்டுகள், ஜாம் கிண்டுகிற செம்புச் சட்டி, கைப்பிடி உடைந்த உரல், ஏதேதோ இருந்தன. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அடுக்கு டிபன் டப்பா ஒன்றும் தட்டுகளும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

அவர் போன பிறகு குவியலில் ஒரு பொருள் என் கண்ணில் பட்டது. என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளம். லேசாக வளைந்திருந்தது. ஒரு முனை மீன் வால் மாதிரி சுருண்டு முடிந்தது. உடம்பெல்லாம் கறுத்த கொம்பு. நடுநடுவே பித்தளையில் பிறை பிறையாகவும் சின்னச் சின்னப் பூவாகவும் வெட்டிப் பதித்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் பச்சைக் களிம்பு. எங்கள் கடைக்கு எத்தனையோ வந்திருக்கிறது, இந்த மாதிரி ஒன்று வந்ததில்லை.

வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன். குடைப்பிடியாக இருக்கும் என்றார். குடைப்பிடிக்கு முதுகில் எதற்கு இரும்புப் பட்டை என்று கேட்டேன். அவர் அதை மாமனாரிடம் நீட்டினார். மாமனார் வாங்கிப் பார்த்துவிட்டு, கொம்பைத் தட்டி எடுத்தால் பித்தளை கொஞ்சம் தேறும் என்று சொல்லித் திரும்பக் குவியலில் போட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அதன் வளைவு கையில் அப்படி உட்கார்ந்தது. யாரோ ஒருவர் உள்ளங்கையை அளவெடுத்துச் செய்தது போல.

மறுநாளிலிருந்து அதுதான் எனக்கு வேலை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். கொண்டை ஊசியால் இடுக்குகளில் இருந்த அழுக்கை நோண்டி எடுத்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததும் பித்தளைப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. கொம்புக்கு உள்ளே ஏதோ ஒரு தகடு மடங்கிக் கிடப்பது தெரிந்தது. அதன் விளிம்பில் நகம் வைக்க ஒரு சின்னப் பள்ளம். நகம்தான் உடைந்ததே தவிர அது அசையவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் அது அசைந்தது. வீட்டுக்காரர் கொம்புப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, நான் பழந்துணி சுற்றித் தகட்டைப் பிடித்து இழுத்தேன். டிரக் என்று ஒரு சத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். டிரக், டிரக். கிணற்று ராட்டினத்தில் பல்சக்கரம் இருந்தால் எப்படிச் சத்தம் வருமோ அப்படி. ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது.

“ஏளா, மெதுவா,” என்றார் அவர். “இது எங்க போயி நிக்கும்னு தெரியலயே.”

அது போய் நின்றபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கத்தி இருந்தது. முழுசாக நீட்டினால் என் கை நீளம். அடிவயிறு புடைத்து, நுனியில் ஒரு வெட்டு வெட்டிக் கூராக வளைந்து, மீன்தான் அது. வாலும் மீன், உடம்பும் மீன். கடைசியாக விழுந்த சத்தம் மற்றவற்றைவிடக் கனமாக இருந்தது, பூட்டு விழுந்த மாதிரி.

நான் சிரித்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். சத்தம் கேட்டு மாமனார் எழுந்து வந்தார்.

அந்தக் காலத்து பம்பாயில் இருந்தவர்களுக்குத்தான் அவர் முகம் போன போக்கு புரியும். ராம்பூரிக் கத்தி என்கிற பெயர் அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. மடக்குக் கத்தி என்றால் தாதா, தாதா என்றால் போலீஸ். வீடு வீடாகச் சோதனை போட்டார்கள் என்று அடிக்கடி பேச்சு வரும்.

“எம்மா, இதக் கடையில வச்சிருந்தோம்னா நம்மளக் கொண்டு போயி உள்ள போட்டுருவான்,” என்றார் மாமனார். “மொதல்ல மூடு.”

நான் மூடப் பார்த்தேன். வீட்டுக்காரர் பார்த்தார். மாமனாரே துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை.

“மூட மாட்டேங்கு மாமா,” என்றேன்.

வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து முதுகுப் பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். பட்டை முனகியது. வேண்டாம், ஒடிந்துவிடும் என்று கையைப் பிடித்தேன். அந்தப் பட்டைதான் பூட்டு என்பது வரைக்கும் எங்களுக்கு விளங்கியது. கத்தியின் அடியில் இருந்த பல் பட்டையின் துளைக்குள் புகுந்து நின்றது. பட்டையைத் தூக்கினால்தான் பல் விடும். தூக்குவதற்குத்தான் வழி தெரியவில்லை. பட்டையின் மேல் ஒரு சின்ன முண்டு, அதில் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று. அது எதற்கு என்றும் தெரியவில்லை.

ஆக, மூட முடியாத ஒரு கத்தியோடு நாங்கள் மாட்டிக்கொண்டோம். மாமனார் அதைக் கோணியில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகினார். அவருக்குக் கவலை. எனக்குக் கவலையே இல்லை. அன்று சாயங்காலம் சோறு வடிக்கும்போதுகூட அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் தகட்டைத் துடைத்தபோது கைக்குக் கீறலாக ஏதோ தட்டுப்பட்டது. மாமனாரின் விபூதித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் தேய்த்துவிட்டு ஊதினேன். கறுத்த இரும்பில் வெள்ளை வெள்ளையாகக் கொடிகள் எழுந்தன. கொடிகளுக்கு நடுவில் எழுத்துகள். இங்கிலீஷ் எழுத்துதான், எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் பிடிபடவில்லை. அடிப்பக்கம் ஒரு முத்திரை. அதில் பாதி தேய்ந்து ‘அல்பா’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது, அந்த அம்மாளைக் கேட்டால்தான் ஆயிற்று என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் ஆசைதான். தவிர, அது என்ன என்று தெரியாமல் பழைய பித்தளையோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார், சொல்லாமல் வைத்துக்கொள்வது முறையில்லை என்றும் பட்டது. கத்தியைக் கோரைப் பாய்க்குள் வைத்துச் சுருட்டி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, சாயங்காலம் மாதாகோயில் சந்துக்குப் போனோம்.

அந்த அம்மாளைப் பிறகு நான் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஆன்ட்டி தன் முன்னறையில் பாயை விரித்துப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய மாமனார் கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். எத்தனையோ தேசத்துத் துறைமுகங்களைப் பார்த்தவர். அவருடைய மரப்பெட்டியின் அடியில் இந்தக் கொம்புப் பொருள் கிடந்தது. அது திறக்கும் என்பதே ஆன்ட்டிக்குத் தெரியாது. ஏதோ கப்பல் சாமான் என்று நினைத்திருந்தாராம்.

விபூதி எழுத்துகளைக் காட்டினேன். ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உதட்டை அசைத்து வாசித்தார். அவருக்கு போர்ச்சுகீசியம் நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை புரிந்தது போல தலையாட்டினார், அடுத்த வார்த்தையில் முகம் சுளித்தார். கடைசியில் நிமிர்ந்து, இது எங்கள் பாஷை இல்லை, எங்கள் பாஷைக்குப் பக்கத்து வீட்டு பாஷை என்றார். ஸ்பெயின் தேசத்து பாஷை. துறைமுகத்துப் பக்கம் ஒரு பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் அந்த தேசத்துச் சாமியார் ஒருவர் இருக்கிறார், வருஷத்தில் ஒருதரம் எங்கள் கோயிலுக்குப் பிரசங்கம் செய்ய வருவார், அவரிடம் போவோம் என்றார். போங்கள் என்று சொல்லவில்லை, போவோம் என்றார். நாளைக்கே என்றார்.

வீட்டுக்காரரால் கடையை விட்டு வர முடியாது. ஆகவே நானும் ஆன்ட்டியும் கிளம்பினோம். மாமனாரிடம் மாட்டுங்காவில் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டுக்காரர் யோசித்தார். நான் நேராகவே சொல்லிவிட்டேன். மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டு, எப்படியோ அது வீட்டைவிட்டுப் போனால் சரி என்றார்.

ஹார்பர் லைன் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். பாயை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு இடிக்கும், நட்டுவைத்தால் நுனி கீழே வந்துவிடும். குழந்தையை அணைக்கிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டேன். குர்லாவில் கூட்டம் நெரித்தது. எனக்கு எதிரே தரையில் கூடையோடு ஒரு மீன்காரி உட்கார்ந்திருந்தாள். சேலையைப் பின்னால் இழுத்துச் செருகிக் காஷ்டா கட்டிய கோளி மீனவப் பெண். வண்டி குலுங்கியதில் பாயின் ஒரு பக்கக் கயிறு நழுவி, கத்தியின் நுனி இரண்டு விரல்கடை வெளியே வந்துவிட்டது. நான் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்துவிட்டாள்.

கூப்பாடு போட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். அவளோ முன்னால் குனிந்து, கட்டைவிரலால் கூர்நுனியை லேசாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, சுறா வெட்டவா என்று மராத்தியில் கேட்டாள். ஆன்ட்டி முந்திக்கொண்டு ஆமாம் என்றார். அவள் தலையை ஆட்டி, நல்ல இரும்பு, ஆனால் சாணை பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் கூடையைக் கட்டியிருந்த கயிற்றில் கொஞ்சம் அறுத்து என்னிடம் கொடுத்தாள். நானும் அவளும் சேர்ந்து பாயைத் திரும்பக் கட்டினோம்.

இறங்கிய ஸ்டேஷன் வாசலில்தான் நிஜமான கண்டம் காத்திருந்தது. மூட்டை கொண்டுபோகிறவர்களை ஒரு போலீஸ்காரர் நிறுத்திக்கொண்டிருந்தார். என் பாயைப் பார்த்து லத்தியால் ஒரு தட்டு தட்டினார். கணீரென்றது. பாய் கணீரென்று கேட்குமா? அவர் புருவத்தைத் தூக்கினார். ஆன்ட்டி குடையை ஊன்றி ஒரு அடி முன்னால் வந்து, கோயிலுக்கு மெழுகுவர்த்தித் தண்டு, ஃபாதர் காத்துக்கொண்டிருக்கிறார், பலிபீடத்துக்கு வைக்கிற பொருளை லத்தியால் தொடலாமா என்று இந்தியில் ஒரு பிடி பிடித்தார். போலீஸ்காரர் பாவம், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தெரு திரும்பியதும் ஆன்ட்டி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சொன்ன பொய்க்கு இப்போது அதே ஃபாதரிடம் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் ஒரு தெருவில் நடந்ததில்லை.

ஸ்பெயின் சாமியார் ஒல்லியாக, நெட்டையாக, வெள்ளை அங்கியில் சாக்பீஸ் தூளோடு வந்தார். ஆன்ட்டியிடம் இங்கிலீஷிலும் என்னிடம் ஒரு தினுசான இந்தியிலும் பேசினார். பார்வையாளர் அறையில் மேஜை மேல் பாயை வைத்துக் கயிற்றை அவிழ்த்தேன். பாய் தானாக உருண்டு விரிந்தது.

சாமியார் குனிந்து பார்த்தார். கையை நீட்டினார், தொடாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். டிரக், டிரக், டிரக், டிரக். நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அதே சத்தம். அச்சு அசல் அதே.

“நவாஹா,” என்றார். அதன் பேர் அது.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நாற்காலியில் உட்காருவார், எழுந்திருப்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வருவார். முன்காலத்தில் அவர்கள் தேசத்தில் வாள் பிரபுக்களுக்கு மட்டும்தானாம். சாதாரண ஜனங்கள் இடுப்பில் வாளோடு தெருவில் நடக்கக்கூடாது. சரி, வாள் வேண்டாம் என்று கொல்லர்கள் வாளையே மடக்கி இடுப்புத் துணிக்குள் செருகுகிற மாதிரி செய்துவிட்டார்கள். கழுதை ஓட்டுகிறவனிடம், மாலுமியிடம், மேய்ப்பனிடம், எல்லோரிடமும் ஒன்று. ராஜாவுக்கு விஷயம் தெரிந்ததும் இத்தனை நீளத்துக்கு மேல் செய்யக்கூடாது, பூட்டு வைத்துச் செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரு ராஜா போட்டார், அடுத்த ராஜாவும் போட்டார். கொல்லர்கள் தலையை ஆட்டிவிட்டுச் செய்துகொண்டே இருந்தார்கள். பெண்கள்கூடச் சின்னதாக ஒன்றை முழங்காலுக்கு மேல் நாடாவில் செருகிக்கொள்வார்களாம். இதைச் சொன்னதும் சாமியாருக்கு முகம் சிவந்தது. ஆன்ட்டி, செருகினால் என்ன தப்பு என்றார்.

அந்தச் சத்தம் எதற்கு என்று கேட்டேன். கத்தியின் அடியில் பல் பல்லாக வெட்டியிருக்கும், ஒவ்வொரு பல்லாக முதுகுப் பட்டையில் ஏறி விழும்போது வருகிற சத்தம் அது என்றார். பாதி திறந்த நிலையிலும் மடங்கி விரலை வெட்டிவிடாமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு. ஆனால் ஜனங்களுக்கு அந்தச் சத்தம்தான் பிடித்துவிட்டது. இருட்டில் அந்தச் சத்தம் கேட்டாலே பாதிச் சண்டை முடிந்துவிடுமாம், எதிராளி ஓடிப்போவதால்.

எழுத்துகளை அவர் வாசித்தார். ‘நான் என் எஜமானனுக்குச் சொந்தம்’ என்று அர்த்தமாம். கத்தி தன் வாயால் சொல்கிற மாதிரி எழுதுவது அவர்கள் வழக்கம். வெட்டிய கோடுகளில் முன்பு சிவப்புச் சாயம் நிரப்பியிருப்பார்கள் என்றார். உங்கள் ஊர் வெள்ளைச் சாம்பலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்.

முத்திரையைக் காட்டினேன். பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார். ‘அல்பா’வைப் பார்த்ததும் மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

“அல்பசேத்தே! எனக்குத் தெரியும் இந்த ஊர். என் ரயில் அங்கே நிற்கும்.”

அவர் பிறந்தது வேறு ஊர். ஆனால் சின்ன வயதில் அம்மாவோடு ரயிலில் போகும்போது வண்டி அந்த ஊரில் நிற்குமாம். நின்றதும் பிளாட்பாரத்தில் கத்தி விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள். இடுப்பில் அகலமான தோல் பட்டை, பட்டை முழுக்கக் கத்திகள், வயிற்றைச் சுற்றி ஒரு வேலி போட்ட மாதிரி. ஜன்னல் ஜன்னலாக வந்து திறந்து காட்டுவார்கள். பிளாட்பாரம் பூராவும் அந்தச் சத்தம்தான். அவருடைய அம்மா ரொட்டி வெட்ட ஒன்று வாங்கினாராம். சொல்லும்போது அவர் கை தானாக ஜன்னல் கண்ணாடியை இறக்குகிற மாதிரி அசைந்தது.

பிறகு அவரே கொஞ்சம் தணிந்து, நிச்சயமாகச் சொல்ல முடியாது, பிரான்ஸ் தேசத்துக்காரர்களும் இதே மாதிரி செய்து ஸ்பெயினில் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள், முத்திரை தேய்ந்துபோனதால் இன்னார் செய்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் பிரபு வீட்டுக் கத்தி இல்லை, உழைக்கிறவன் கத்தி, நூறு வயசுக்குக் குறையாது என்றார்.

மூட முடியவில்லை என்று நான் சொன்னதும் பட்டையைத் தடவிப் பார்த்து, அந்த முண்டில் இருந்த ஓட்டையில் விரல் வைத்தார். இங்கே ஒரு வளையம் இருந்தது, அதைப் பிடித்து இழுத்தால் பட்டை எழும்பும், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானா என்று நானும் ஆன்ட்டியும் ஒரே குரலில் கேட்டோம்.

திரும்பி வரும்போது போலீஸ்காரர் இருந்தாரா இல்லையா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்காரரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மறுநாள் காலையில் கடையை மாமனாரிடம் விட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனார். அங்கே தோல் பைகளுக்கு பக்கிள் செய்கிற அவருடைய சேக்காளி ஒருவர் இருந்தார். ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பட்டறை என்றால் நாலு பேர் நெருக்கி நிற்கிற இடம். வாசலில் தோல் காயும் வாடை, உள்ளே பித்தளைத் தூள்.

அவர் முதலில் பித்தளைக் கம்பியில் வளையம் போட்டார். இழுத்ததும் வளையம் நீண்டு முட்டை வடிவமாகிப் பிரிந்துவிட்டது. தடித்த இரும்புக் கம்பி ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைப் பெரிசாக்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன் நான். மூன்று பேரும் யோசித்துக்கொண்டு நின்றோம். வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். வீட்டுக்காரர் சைக்கிளைப் பார்த்தார், சேக்காளியைப் பார்த்தார்.

“ஏல, சைக்கிள் கம்பி போடுவமா?”

சக்கரக் கம்பி ஒல்லி, ஆனால் லேசில் வளையாது. பழைய கம்பி ஒன்றைத் தேடியெடுத்து, சூடாக்கி வளைத்து, ஓட்டையில் கோத்து, முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். ஆறுகிற வரைக்கும் நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறியதும் வீட்டுக்காரர் என்னிடம் நீட்டினார். நீதான் திறந்தாய், நீயே மூடு என்றார்.

வளையத்தில் விரலைக் கொடுத்து இழுத்தேன். பட்டை மெதுவாக எழும்பியது. பல் விட்டது. இடது கையால் தகட்டைத் தள்ளினேன், அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கொம்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு திறந்தேன். டிரக், டிரக், டிரக். மூடினேன். பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒருதரம் திறந்து மூடினார்கள். நாங்கள் வெளியே வருவதற்குள் அந்தச் சந்து முழுக்க அந்தச் சத்தம் பரவிவிட்டது.

அன்றைக்கே ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அது உங்களிடமே இருக்கட்டும் என்றார், நாங்கள் மறுத்தோம். கடைசியில் ஆன்ட்டி ஒரு முடிவு சொன்னார். கத்தி அவர் வீட்டில் இருக்கும், கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு நாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும், ஸ்பெயின் சாமியாரையும் கூப்பிடுவார்.

மாமனார் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். போலீஸ் பயம் அவருக்கு விட்டபாடில்லை. ஆனால் ரயிலடியில் கத்தி விற்றவர்கள் கதையை நான் சொன்ன நாளிலிருந்து அவர் என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இடுப்புப் பட்டை எவ்வளவு கனம் இருக்கும், ஒரு வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று. நான் சாமியாரிடமே கேளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்மஸ் அன்று ஆன்ட்டி வீட்டு முற்றத்தில் மேஜை போட்டிருந்தார்கள். எங்களுக்காகத் தனியாகச் சைவமாக ஒரு பக்கம் வைத்திருந்தார். சாணை பிடித்த நவாஹா நடுவில் ரொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. சாமியார் அதை எடுத்துத் திறந்தார். முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைத் தன் பக்கமாக இழுத்துத் துண்டு போட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படித்தான் என்றார். பார்த்தவர்களுக்கு நெஞ்சு பதறியது. ஆன்ட்டி தானும் அப்படி வெட்டுவேன் என்று வாங்கிக்கொண்டார். பிறகு ஆளாளுக்கு வாங்கினார்கள்.

மாமனார் சாமியாருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த இந்தியில் தொடங்கி, அது போதாமல் என்னைப் பார்த்தார்.

“எம்மா, சாமிகிட்ட கேளு. ஜன்னல் வழியா கத்தியக் குடுத்துட்டான், அதுக்குள்ள வண்டி கெளம்பிட்டு. காச எப்படி வாங்குவான்? நான் தாராவியில தலச்சொமையா பாத்திரம் வித்த காலத்துல பஸ்ஸில ஏறினவள்ட்ட எத்தன தடவ காச விட்டிருக்கேன்.”

நான் இந்தியில் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, வெட்டிய ரொட்டியைத் தட்டில் வைத்தார். எழுந்து அங்கியை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டார். ஒரு கையால் இல்லாத ரயிலின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டியபடி முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓடினார். சுவரில் மோதப் போகிற நேரத்தில் எதையோ பிடுங்கிக்கொண்டு திரும்பி, கையை உயர்த்திக் காட்டினார்.

மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “அதான் பாத்தேன்,” என்றார். “ஓடித்தான ஆவணும்.” பிறகு சாமியாரின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் தட்டிலிருந்த இனிப்பை எடுத்து அவருக்குக் கொடுத்தார்.